கறுப்பும் களையும்

"முதல்ல முகத்தைக் கழுவிட்டு வரச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்."

கல்யாணத்துக்குப் பெண்ணைப் போட்டோ எடுக்கக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்களை எங்கள் மாடிப் போட்டோக்காரம்மா இப்படித்தான் வரவேற்பார். வாங்க, உட்காருங்க என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அந்த அம்மா, பாவம், ஜீயபுரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருப்பார். பெண்ணுக்குத் தலை பின்னி, பூ வைத்து, பவுடரை அப்பி, அது வியர்வையில் கரைந்துவிடாமல் வழியெல்லாம் முந்தானையால் விசிறிக்கொண்டே வந்திருப்பார். அவ்வளவையும் ஒரு சொம்புத் தண்ணீரில் கரைக்கச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

"பவுடர் போட்டாத்தானேங்க போட்டோவுல நல்லா விழும்?"

"நல்லா விழும். யாரு விழுந்திருக்கான்னுதான் தெரியாது."

பாதிப் பேர் அந்தப் பேச்சிலேயே எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே மாடிப்படி இறங்குவது கீழே எங்கள் கடைக்குக் கேட்கும். அப்பா தலையில் அடித்துக்கொள்வார். "இந்தம்மா பிழைக்கத் தெரியாத அம்மா" என்பார். சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளருக்குத் துணியை விரிப்பார்.

எங்களுடையது கட்பீஸ் கடை. திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் இருந்தது. முன்னால் கடை, பின்னால் நாங்கள் குடியிருந்த வீடு, மாடியில் ஒரே ஒரு பெரிய அறை. அந்த அறையைத்தான் ஐம்பதுகளின் கடைசியில் அவர் ஸ்டுடியோவுக்காக வாடகைக்கு எடுத்தார். அவருக்குப் பெயர் இருந்தது. ஆனால் சந்தில் எல்லோருக்கும் அவர் போட்டோக்காரம்மா, எனக்கு அக்கா. போட்டோ எடுக்கிற பொம்பளையை அதற்கு முன் எங்களில் யாரும் பார்த்ததில்லை. அதனாலேயே பெண் வீட்டுக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். ஆண்பிள்ளை வந்து தங்கள் பெண்ணின் மோவாயைத் தொட்டு நிமிர்த்துவது யாருக்கும் பிடிக்கவில்லை. இவரிடம் அந்தத் தொல்லை இல்லை. வேறு தொல்லை இருந்தது.

நான் அப்போது டீச்சர் ட்ரெய்னிங் முடித்துவிட்டு உறையூரில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கறுப்பு. மாநிறம், புதுநிறம் என்று பெண் வீட்டார் சொல்லும் சாக்குகள் எதிலும் அடங்காத சுத்தமான கறுப்பு. என் தங்கை நல்ல சிவப்பு. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால் கேட்கிறவர்கள் ஒரு முறை என்னைப் பார்ப்பார்கள், ஒரு முறை அவளைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பற்றி எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லுவார்கள்.

"கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா."

சிறு வயதிலிருந்து கேட்ட வாக்கியம். அம்மா சொல்லுவாள், அத்தை சொல்லுவாள், எண்ணெய் ஊற்ற வருகிறவள்கூடச் சொல்லுவாள். நான் அதைப் பாராட்டு என்றே நினைத்திருந்தேன். அது பாராட்டு இல்லை, ஆறுதல் என்று எனக்குக் காட்டியது அக்காதான். ஒரு நாள் கடைக்கு ரவிக்கைத் துணி வாங்க வந்த ஒரு அம்மாள் என் கன்னத்தைத் தட்டி அந்த வாக்கியத்தை அன்போடு சொன்னார். அந்த நேரம் பார்த்து அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"அதென்னங்க 'இருந்தாலும்'?" என்று கேட்டார்.

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. "நல்லதாத்தானே சொன்னேன்?"

"உங்களுக்குப் பொண்ணு இருக்குங்களா?"

"இருக்கா. எங்க வீட்ல எல்லாருமே நல்ல சிவப்பு."

"அப்படிங்களா? சிவப்பா இருந்தாலும் களையா இருப்பாங்களா?"

அந்த அம்மாள் எடுத்து வைத்திருந்த துணியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அப்பா பல்லைக் கடித்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினேன். அன்று முழுவதும் அந்தக் கேள்வியை எனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சிவப்பா இருந்தாலும் களையா இருப்பாங்களா! அதை இப்படித் திருப்பிப் போடலாம் என்று எங்கள் தெருவில் அதுவரை யாருக்கும் தோன்றியதே இல்லை.

யோசித்துப் பார்த்தால் களை என்பதை நாங்கள் எதற்குத்தான் சொல்லாமல் இருந்தோம்? விளக்கு ஏற்றினால் வீடு களையாக இருக்கிறது என்போம். தேருக்கு ஸ்ரீரங்கம் களைகட்டும். தீபாவளிக்குப் பெரிய கடைவீதி களைகட்டும். நிச்சயமான பெண்ணின் முகத்தில் கல்யாணக் களை, உம்மென்று இருப்பவன் முகத்தில் சவக்களை. வீட்டுக்கும் வீதிக்கும் தேருக்கும் சும்மா கொடுத்த சொல்லைக் கறுத்த பெண்ணுக்குக் கொடுக்கும்போது மட்டும் முன்னால் ஒரு 'இருந்தாலும்' போட்டுத்தான் கொடுத்தோம். அவர் வந்து கேட்டபிறகு எனக்கு அது காதில் குத்த ஆரம்பித்தது.

களைக்கு அவர் வைத்திருந்த விளக்கம் வேறு. "களைங்கறது மூக்குல இல்ல, நெறத்துல இல்ல. ஒரு ஆளு தன்னை மறந்து எதையோ நெனைக்கறப்போ முகத்துல வந்து நிக்கும். வந்து நிக்கறப்போ புடிச்சுடணும். சொல்லி வரவழைக்க முடியாது" என்பார். அதற்காகவே அவர் வேலை செய்கிற விதம் இருந்தது. மற்ற ஸ்டுடியோக்களில் 'ரெடி, அசையாதீங்க' என்பார்கள். இவர் அப்படிச் சொல்லமாட்டார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு வெளியே வந்து, காமிராவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கையில் ரப்பர் பந்து, அதிலிருந்து காமிராவுக்கு ஒரு குழாய். பந்தை மடியில் மறைத்துக்கொண்டு ஊர்க்கதை பேச ஆரம்பிப்பார். உங்க ஊர்ல நெல்லு எப்படி, வாழை எப்படி, தம்பி எந்த ஸ்கூல்ல படிக்கிறான், உங்களுக்கு யாரோட சண்டை? பேசிக்கொண்டே இருக்கும்போது பந்தை அமுக்கிவிடுவார். "எப்ப எடுப்பீங்க?" என்று அந்தப் பெண் கேட்கும்போது, "எடுத்தாச்சு, எந்திரிங்க" என்பார்.

அவருடைய விரல் நகங்கள் மருந்துத் தண்ணீரில் ஊறிப் பழுப்பேறி இருக்கும். காபிக்குச் சர்க்கரை போட்டால் பிடிக்காது. வெளுத்த கைத்தறிச் சேலைதான் கட்டுவார். ஆனால் ஆள் நல்ல சிவப்பு, என் தங்கையைவிடச் சிவப்பு. இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் சந்தில் எல்லோரும் அதைச் சொன்னார்கள். "இவ்வளவு சிவப்பா இருந்தும் புருஷன் விட்டுட்டுப் போயிட்டான் பாரு" என்று. அதிலும் ஒரு 'இருந்தும்' இருந்தது.

ஒரு முறை ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பெரியவர் துணிப்பையோடு வந்தார். மூச்சு வாங்கப் படியேறினார். நான் ஞாயிற்றுக்கிழமையாதலால் மாடியில் உட்கார்ந்து அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். பெரியவர் பைக்குள்ளிருந்து ஒரு பழைய குடும்பப் படத்தை எடுத்து, அதில் ஓரமாக நின்ற ஒரு மாமியை விரலால் காட்டினார்.

"இவ என் ஆத்துக்காரி. போன வருஷம் போயிட்டா. என் பிள்ளை இதையே வேற எடத்துல குடுத்துப் பெரிசு பண்ணிண்டு வந்து கூடத்துல மாட்டியிருக்கான். நன்னாத்தான் இருக்கு. ஆனா அது யாருன்னு நேக்குத் தெரியலை."

"வெளுத்துட்டாங்களா?" என்று இவர் கேட்டார்.

"ஆமா. அவ கறுப்பு. நன்னாக் கறுப்பு. எங்க ஊர்ல பெருமாளே கறுப்புதானே, அவரை யாரும் வெளுக்கக் காணோமே? அம்மாவை எதுக்குடா வெளுத்தேன்னு கேட்டா, பிள்ளை சிரிக்கறான். நீங்க அவளை அவளாவே போட்டுத் தருவேளா?"

அந்தச் சின்ன முகத்தைப் பெரிதாக்கி எடுக்க அக்கா படாத பாடு பட்டார். முதலில் போட்ட பிரதிகளை எல்லாம் கிழித்தார். பெரியவர் திரும்பி வந்தபோது படத்தைக் கையில் கொடுத்தார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்து, "வந்துட்டியா?" என்றார். அவ்வளவுதான். அக்கா, நெகட்டிவ் பிளேட் கழுவ வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு இருட்டறைக்குள் போய்விட்டார். கழுவ அங்கே ஒரு பிளேட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இப்படிச் சொன்னால் அவர் ஏதோ தெய்வப் பிறவி போலத் தோன்றும். அப்படியெல்லாம் இல்லை. கல்மனசும் இருந்தது. உறையூரிலிருந்து ஒரு அம்மா தன் பெண்ணோடு வந்தார். பெண்ணின் கன்னத்தில் தீக்காயத் தழும்பு. "அதை மட்டும் டச்சிங்ல எடுத்துடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று அந்த அம்மா கெஞ்சினார். டச்சிங் என்பது நெகட்டிவில் கூரான பென்சிலால் பொடிப்பொடியாகக் கீறுவது. கீறிய இடம் படத்தில் வெளுப்பாக விழும், கறுப்பும் தழும்பும் மறையும். இவர் முடியாது என்றார். அந்த அம்மா அழுதார். பெண் சுவரைப் பார்த்து நின்றது. இவர் அசையவில்லை. அவர்கள் போன பிறகு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"உங்க வீராப்புக்கு அந்தப் பொண்ணு என்ன செய்வா? ஒரு தழும்புதானேக்கா? நீங்க நல்ல சிவப்பு. உங்களுக்கென்ன, பேசலாம்!"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. காபி டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"எங்க வீட்டுக்காரர் ஸ்டுடியோவுல டச்சிங் பண்ணினதே நான்தான்" என்றார். "பொம்பளைப் படமெல்லாம் உள்ள என்கிட்ட வரும். எத்தனை பேரை வெளுத்திருப்பேன்! அதுல ஒரு பொண்ணு தாலியோட திரும்பி வந்துச்சு. மாமியார் வீட்ல அந்தப் படத்தைச் சுவத்துல மாட்டி வச்சிருந்தாங்களாம். தெனமும் அதையும் அவளையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, எங்களுக்குக் காட்டினவ எங்கன்னு கேப்பாங்களாம். என்கிட்ட வந்து அந்தப் பொண்ணு, 'அவளை நீங்கதானே செஞ்சீங்க, அவளையே வந்து அங்க குடுத்தனம் பண்ணச் சொல்லுங்க'ன்னு கேட்டுச்சு. அன்னைக்குக் கீழ வச்ச பென்சிலை நான் அப்புறம் தொடவே இல்ல."

ஆனாலும் அந்த உறையூர்ப் பெண் விஷயத்தில் அவர் செய்தது சரி என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் இரங்கியிருக்கலாம். இரங்கினால் அவர் அவராக இருந்திருக்கமாட்டார், அதுவும் வாஸ்தவம்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது அப்பா, மாடியில் ஆள் இருந்தும், வெளியே வேறொரு ஸ்டுடியோவுக்குத்தான் என்னைக் கூட்டிப் போனார். "நம்ம மாடி அம்மாகிட்ட எடுத்தா, உள்ளதை உள்ளபடி போட்டுக் குடுத்துடும்" என்று அம்மாவிடம் சொன்னார். அந்தப் படம் வந்தபோது நானே எடுத்துப் பார்த்துத் திகைத்தேன். ஒரு வெளுத்த பெண் பூந்தொட்டி ஸ்டாண்டில் கை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். அவளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று இருந்தது. யார் என்று பிடிபட்டது ஒரு வெள்ளிக்கிழமை.

பெண் பார்க்க வருகிற நாட்களில் தங்கையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அக்கா இருக்கும்போது சிவந்த தங்கை கண்ணில் படக்கூடாது. எல்லா வீட்டிலும் அப்படித்தான், இதில் ஒளிவுமறைவு இல்லை. அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் ராகுகாலத்துக்கு முன்னாலேயே வந்து நின்றார்கள். தங்கை அப்போதுதான் தலையில் பூ வைத்துக்கொள்ளாமல் சீப்பும் கையுமாகப் பக்கத்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தது அவள். மாப்பிள்ளையின் அம்மா அவள் மோவாயைப் பிடித்துத் தூக்கினார்.

"போட்டோவுல பாத்த மாதிரியே இருக்காளே!" என்றார். தாம்பாளத்திலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து அங்கேயே, வாசற்படியிலேயே, தங்கையின் தலையில் வைத்துவிட்டார்.

நான் கேசரித் தட்டோடு உள்ளே நின்றிருந்தேன். என்னைத் தேய்த்துத் தேய்த்து வெளுத்ததில் என் படம் என் தங்கையின் படமாகிவிட்டிருந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாதான் மெல்ல, "இவ சின்னவங்க. பெரியவ உள்ள இருக்கா" என்றார். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். போகும்போது மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்து, "கறுப்பா இருந்தாலும் களையாத்தான் இருக்கே, உனக்கென்ன குறைச்சல்" என்றார். மறுநாள் ஆள் அனுப்பி, வைத்த பூ வைத்ததாகவே இருக்கட்டும், சின்னவளையே கொடுங்கள் என்று கேட்டார்கள்.

அப்பா உடனே முடியாது என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார். அதுதான் எனக்குச் சுட்டது.

திங்கட்கிழமை ஸ்கூல் விட்டு வந்து, வீட்டுக்குள் போகப் பிடிக்காமல் நேரே மாடி ஏறினேன். சேலையெல்லாம் சாக்பீஸ் தூள். நடந்ததை எல்லாம் கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். பிறகு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்.

"சரி, இப்ப நீ என்ன செய்யப் போறே?"

"என்ன செய்ய முடியும்? அவளையே குடுத்துடட்டும்."

"குடுத்துட்டு, நீ அவ கல்யாணத்துல பந்தி விசாரிப்பே."

"ஏன் விசாரிக்கணும்? எனக்குச் சம்பளம் இருக்கு, வேலை இருக்கு, என் கிளாஸ்ல பிள்ளைங்க நான் வரலேன்னா வாசல்ல வந்து நிக்குதுங்க. என்னை யாரும் பாவம்னு பாக்க வேண்டாம். வெளுத்துத்தான் என்னைக் காட்டணும்னா, காட்டவே வேண்டாம்!"

"எடுத்தாச்சு" என்றார் அவர்.

இரண்டு நாள் கழித்துப் படத்தைக் காட்டினார். தலை நிமிர்ந்து, எதிரில் இருப்பவரோடு வழக்காடிக்கொண்டு ஒரு கறுப்புப் பெண். நேரே பார்க்கிற கண். கல்யாணப் போட்டோவில் பெண்கள் அப்படிப் பார்க்கவே கூடாது. ஆனால் அது நான். என்னை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது அதற்கு முன் ஒருநாளும் இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"இதைக் கீழ ஷோகேஸ்ல வைக்கட்டுமா? உன் இஷ்டம்" என்று கேட்டார்.

படிக்கட்டின் அடியில் தெருவைப் பார்த்த சுவரில் கண்ணாடிப் பெட்டி ஒன்று அடித்திருந்தார். அதில் குழந்தைகள் இருக்கும், மாலையும் கழுத்துமாகத் தம்பதிகள் இருப்பார்கள், கவுன் போட்ட பட்டதாரிப் பையன்கள் இருப்பார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணின் படத்தை எந்த ஸ்டுடியோவும் வெளியில் வைக்காது. வைத்தால் அந்தப் பெண்ணின் கதி அவ்வளவுதான். எனக்கு அது நன்றாகத் தெரியும். "வைங்க" என்றேன்.

சாயங்காலம் சந்தே கூடிவிட்டது. சினிமாவில் சேரப் போகிறாளாம் என்று ஒருவர், மாடிக்காரி மருந்து வைத்துவிட்டாள் என்று ஒருவர். அப்பா முழக்கோலோடு கடையை விட்டு வெளியே வந்தார்.

"யாரைக் கேட்டும்மா என் பொண்ணு படத்தைத் தெருவுல வச்சீங்க? எடுங்க அதை!"

என் சம்மதத்தோடு வைத்தது என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டு நின்றார்.

"நான்தான் வச்சேன். எடுக்க மாட்டேங்க, ஐயா."

"எடுக்கலேன்னா இடத்தைக் காலி பண்ணணும்."

"பண்றேன். அதுவரைக்கும் இருக்கும்."

நான் படியிறங்கி வந்து அக்கா பக்கத்தில் நின்றேன். "அப்பா, என்னைக் கேட்டுத்தான் வச்சாங்க. நான்தான் வைக்கச் சொன்னேன்."

அம்மா அலறினாள். "அடிப் பாவி, உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டது போதாதா? உனக்குப் பின்னால ஒருத்தி இருக்காளே, அவ கதி என்னாகும்?"

அப்போதுதான் தங்கை வெளியே வந்தாள். அத்தனை பேர் முன்னால் அவள் வாய் திறந்து பேசி நாங்கள் பார்த்ததே இல்லை.

"எனக்கு வச்ச பூ, அக்கா படத்தைப் பாத்து வச்ச பூ" என்றாள். "அந்தப் படத்துல அக்காவும் இல்ல, நானும் இல்ல. இல்லாத ஒருத்திக்கு வச்ச பூவுக்காக நான் அந்த வீட்டுக்குப் போகமாட்டேன். இந்தப் படத்துலதான் அக்கா இருக்கா. இது இருக்கட்டும்ப்பா."

அப்பா யாரையும் பார்க்கவில்லை. "தை பொறக்கறதுக்குள்ள மாடியைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குள் போனார். அந்த மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பியதும் அவர்தான். ஆனால் என்னோடும் தங்கையோடும் அக்காவோடும் பேச்சை நிறுத்திவிட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிற்பாடு கல்யாணம் ஆயிற்று. அதற்கும் அந்தப் படத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. படத்தைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை தேடி வந்தார் என்று முடிச்சுப் போடுகிறவர்கள் எங்கள் உறவிலேயே இருக்கிறார்கள். அவர்களை எனக்குப் பிடிக்காது. ஒரு ஆண்பிள்ளை வந்து பார்த்து மெச்சினால்தான் அந்தப் படத்துக்கு மதிப்பா? அக்கா உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் படியை விட்டே இறக்கியிருப்பார்.

அந்த மார்கழியில் எனக்கு வலித்தது வேறொன்று. கடைக்கு வருகிறவர்கள் படத்தைப் பற்றி விசாரிப்பார்கள். அப்பா ஒவ்வொருவரிடமும், "யாரோ, மாடியில குடியிருக்கறவங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணு" என்றே சொல்லிவந்தார். உள்ளே இருந்து அதைக் கேட்கும்போதெல்லாம் என்னை வீட்டை விட்டுத் துரத்தியது போல இருக்கும். மாடியில் அக்கா சாமான்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்திருந்தார். வேறு இடம் கிடைத்தபாடில்லை. தனியாக இருக்கும் பொம்பளைக்கு, அதுவும் இப்படிப் பேர் வாங்கிவிட்ட பொம்பளைக்கு, யார் இடம் கொடுப்பார்கள்? ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் படியோரம் வந்து நின்றன.

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வந்த கூட்டம் மறுநாள் எங்கள் பக்கத்துக் கடைகளில் நெரிந்தது. நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுக் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். லால்குடிப் பக்கத்து அம்மா ஒருவர், கூடவே வயசுப் பெண் ஒன்று. என்னைவிடக் கறுப்பு. அப்பா துணியை அளந்து கத்திரியால் வெட்ட ஆரம்பித்தார்.

"ஏங்க, வெளியில கண்ணாடிப் பெட்டியில ஒரு படம் இருக்கே" என்று அந்த அம்மா கேட்டார். "நம்மளையே நிமிந்து பாக்கற மாதிரி. இது அதுலேந்து கண்ணையே எடுக்க மாட்டேங்குது. யாருங்க அந்தப் பொண்ணு?"

கத்திரி பாதியில் நின்றது. நான் மடிப்பைக் கலைத்து மறுபடி மடித்தேன். அப்பா அந்தப் பெண்ணை ஒரு முறை பார்த்தார். பிறகு, எத்தனையோ நாளைக்கு அப்புறம், திரும்பி என்னைப் பார்த்தார்.

"என் மூத்த பொண்ணு" என்றார். "பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கா."

"எடுத்தவங்க எங்க இருக்காங்க? இதையும் ஒண்ணு எடுக்கலாம்னு பாக்கறேன். படியில பெட்டியெல்லாம் கட்டி வச்சிருக்கே, போயிட்டாங்களோ?"

"எங்கயும் போகலைங்க" என்றார் அப்பா. "மாடியிலதான் இருக்காங்க, மாடியிலதான் இருப்பாங்க. பெட்டியைத் தாண்டிப் படியேறிப் போங்க."